சித்தப்பாவைப் பற்றி நான்கு கட்டுரைகள்

எங்கள் சித்தப்பாவுக்கு மும்முரமாகப் பெண் தேடிக்கொண்டிருந்த வருடத்தில்தான் நான் கட்டுரை எழுதக் கற்றுக்கொண்டேன். ஒன்று வீட்டுச் சங்கதி, இன்னொன்று பள்ளிக்கூடச் சங்கதி. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் நம்பியதில் தப்பே இல்லை. வீட்டில் இருந்த பெரியவர்களே அப்படித்தான் நம்பினார்கள்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு 'நாடு'. எங்கள் வாழவந்தி நாட்டில் இருந்த மிளகும் மரவள்ளிக் காடும் அவர் பொறுப்பு. ஆள் நல்ல உழைப்பாளி. முப்பதைத் தாண்டியும் அவருக்குக் கல்யாணம் கூடிவராமல் போனதற்கு ஜாதகம் காரணம் இல்லை. ஒரு வீடியோதான் காரணம்.

முந்தின வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வாசலூர்பட்டி ஏரிக்குப் படகில் போகக் கூட்டிக்கொண்டு போனார். போன இடத்தில் படகிலிருந்து தண்ணீருக்குள் விழுந்துவிட்டார். கரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலாக்காரர் யாரோ அதைச் செல்போனில் பிடித்து, பின்னால் ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து, 'மப்பு மன்னன்' என்று பெயர் சூட்டி உலகத்துக்கே அனுப்பிவிட்டார். எங்கள் மலையில் சிக்னல் கிடைக்காத ஊரில்கூட அந்த வீடியோ கிடைத்தது. அதில் சித்தப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "அய்யோ, என்னையக் காப்பாத்துங்க!" என்று கத்துவார். அவருடைய வேட்டி அவரை விட்டுவிட்டுத் தனியாக மிதந்து போகும். படகுக்காரர் துடுப்பை நீட்டி முதலில் வேட்டியைத்தான் காப்பாற்றுவார்.

கூடி வந்த இரண்டு சம்பந்தங்கள் அந்த வீடியோவோடு போயின. குடிகாரனுக்கு எப்படிங்க பொண்ணைக் குடுக்கறது என்று கேட்டார்களாம். சித்தப்பா குடிக்கிற ஆளே இல்லை. "பின்ன எப்படிடா விழுந்தே?" என்று அப்பா கேட்டால், "கால் வழுக்கிருச்சுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு மிளகுக் கொடியைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். எத்தனை தடவை கேட்டாலும் அதே வழுக்கல்தான்.

மூன்றாவதாக வந்ததுதான் குண்டூர் நாட்டுப் பெண். எங்களுக்குத் தூரத்து உறவில் ஒரு மாமா இருந்தார். கல்யாணம் பேசி முடிப்பதே அவருக்கு முழுநேரத் தொழில், விவசாயம் பகுதிநேரம். அவர் கொண்டுவந்த இடம். பெண் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார். போட்டோவை அம்மாவின் செல்போனுக்கு அனுப்பிவைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரர் பெண்ணின் முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை பூசி, பின்னால் ஒரு பனிமலையை நிறுத்திவைத்திருந்தார். கொல்லிமலைக்காரிக்கு எதற்கு இன்னொரு மலை என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.

"இதுவும் தட்டிப் போச்சுன்னா இவனுக்கு இனிமே பொண்ணு கெடையாதுங்க," என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்போது அவள் குரல் உடைந்திருந்தது. கல்யாணமாகி வந்தபோது டவுசர் போட்டுக்கொண்டிருந்த கொழுந்தனைச் சோறு போட்டு வளர்த்தவள் அவள்தான்.

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன்பு விசாரிப்பது என்பது ஒரு பெரிய வேலை. பெண் வீட்டார் நேராக வந்து கேட்க மாட்டார்கள். மிளகு விலை கேட்க வந்தவர் போலவோ, தொலைந்த ஆட்டைத் தேடி வந்தவர் போலவோ ஒரு ஆள் மாப்பிள்ளையின் ஊருக்கு வந்து டீக்கடையில் உட்காருவார். மழையைப் பற்றிப் பேசுவார், விளைச்சலைப் பற்றிப் பேசுவார். எழுந்திருக்கும்போது, "ஆமா, அந்த மேட்டு ஊட்டுப் பையன் எப்படீங்க?" என்று ஒரு கேள்வியை நழுவ விடுவார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று ஊராருக்கும் தெரியும். தெரியாத மாதிரியே பதில் சொல்லுவார்கள். இரண்டு பக்கமும் நடிப்பதால் யாருக்கும் மனவருத்தம் வராது.

இந்தத் தடவை அம்மா முந்திக்கொண்டாள். டீக்கடைக்காரர், ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர் என்று ஒருத்தரை விடாமல் பார்த்து, "பையன் தங்கமுங்க, குடி கிடி ஒண்ணும் கெடையாது, கட்டிக்கப் போற புள்ள குடுத்து வெச்சிருக்கோணும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஊரார் எங்கள்மேல் வைத்திருந்த பிரியத்தில் ஒரு வார்த்தை மாறாமல் மனப்பாடம் செய்துகொண்டார்கள். மனப்பாடம் செய்ததை யாரிடமாவது ஒப்பிக்காமல் இருக்க முடியுமா? மின்சாரக் கணக்கெடுக்க வந்தவரிடம் ஒப்பித்தார்கள். அன்னாசிப்பழம் வாங்க வந்த வியாபாரியிடம் ஒப்பித்தார்கள். சேலத்திலிருந்து காரில் வந்த குடும்பம் ஒன்று, "அருவிக்கு எப்படிங்க போறது?" என்று கேட்டிருக்கிறது. "நேராப் போயி இடது பக்கம் திரும்புங்க. பையன் தங்கமுங்க, குடி கிடி ஒண்ணும் கெடையாது," என்றாராம் டீக்கடைக்காரர். அந்தக் குடும்பம் அருவிக்குப் போகும் வழியெல்லாம் எந்தப் பையனைப் பற்றி யோசித்ததோ தெரியவில்லை.

இப்படி ஊரையே தயார் செய்த அம்மா, வீட்டுக்குள் இருந்த என்னை மறந்துவிட்டாள். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையிடம் யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் அய்யா வண்டியிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். அவர் திரும்பி வரும்வரை தற்காலிகமாக ஒரு மிஸ் வந்தார். பெரிய கண்ணாடி, இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, கையெல்லாம் சாக்பீஸ் மாவு. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. முதல் நாள் ஒவ்வொருத்தரையும் எழுப்பி ஊர் கேட்டார். நான் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அங்க மேட்டு ஊடுன்னு ஒண்ணு இருக்குதா கண்ணு?"

"அது எங்க ஊடுதானுங்க மிஸ்!"

கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. "அப்படியா! ஊட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்டார். அப்பா, அம்மா, சித்தப்பா என்றேன். சித்தப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். மற்ற பிள்ளைகளிடம் அப்பாவின் தொழிலைத்தான் கேட்டார். என்னிடம் மட்டும் சித்தப்பாவின் தொழிலைக் கேட்டதில் எனக்கு ஒரே பெருமை.

வீட்டில் அந்தப் பெண்ணைக் 'குண்டூர் நாட்டுப் பொண்ணு' என்றார்கள். பள்ளியில் இவரைத் 'தமிழ் மிஸ்' என்றோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆளும் ஒரு பெயரும் இருக்கக்கூடும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. பனிமலைக்கு முன்னால் நின்ற வெள்ளை முகத்துக்குக் கண்ணாடியை மாட்டிப் பார்க்க யாருக்கு வரும்?

அதுவரை எங்களுக்குத் தெரிந்த கட்டுரை ஒன்றே ஒன்றுதான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. தலைப்பு பசுவாக இருந்தாலும் பொங்கலாக இருந்தாலும் முடிவுரையில் 'எனவே நாம் அனைவரும்' என்று தொடங்கி எதையாவது காப்போம் என்று முடித்துவிட்டால் அய்யா டிக் போட்டுவிடுவார். மிஸ் வந்த இரண்டாம் நாளே அதைக் கவிழ்த்துப் போட்டார்.

"கட்டுரையெல்லாம் ஒரே கட்டுரை இல்ல சாமி. எதுக்கு எழுதறோம்னு மொதல்ல தெரியோணும். பார்க்காதவங்களுக்குக் காட்டறதுக்கு எழுதினா அது வருணனை. நடந்ததச் சொல்றதுக்கு எழுதினா நிகழ்வு. ஒரு வேலைய எப்படிச் செய்யறதுன்னு புரிய வைக்கறதுக்கு விளக்கம். கடைசியா ஒண்ணு இருக்குது, வாதம். அது படிக்கறவங்க மனச மாத்தறதுக்கு. மனசு மாறலைன்னா அந்தக் கட்டுரை தோத்துப் போச்சுன்னு அர்த்தம்."

வாரத்துக்கு ஒரு வகை, நான்கையும் ஒரே ஆளைப் பற்றி எழுத வேண்டும் என்றார். யாரைப் பற்றி என்பது அவரவர் விருப்பம். ஒருத்தி அவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். ஒருவன் அவன் வீட்டுக் கிடாயைப் பற்றி எழுத அனுமதி வாங்கினான். நான் வாயைத் திறப்பதற்குள் மிஸ், "நீ உங்க சித்தப்பாவ எழுது," என்று சொல்லிவிட்டார்.

வருணனைக் கட்டுரைக்கு ஐந்து புலன்களையும் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. நான் விதியை மீறுகிற பிள்ளை இல்லை. சித்தப்பாவின் மீசை கறுப்பு, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் அவ்வளவு கறுப்பு என்று எழுதினேன். ஜீப் கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஏறும் சத்தம்தான் அவர் குறட்டை என்று எழுதினேன். வாசனைக்குத் தேங்காய் எண்ணெய், தொடு உணர்வுக்குப் பலாத்தோல் மாதிரி காய்த்துப்போன உள்ளங்கை. சுவைதான் கஷ்டமாக இருந்தது. 'சித்தப்பாவை நான் சுவைத்துப் பார்த்ததில்லை' என்று நேர்மையாக எழுதி முடித்தேன்.

எட்டு மார்க் போட்டிருந்தார். ஓரத்தில் சிவப்பு மையில், 'உயரம் குறிப்பிடப்படவில்லை. நரை தலையிலும் உண்டா?' என்று கேட்டிருந்தார். என்ன ஒரு கண்டிப்பான மிஸ் என்று வியந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா கட்டிலில் படுத்துத் தூங்கும்போது உச்சந்தலையைக் கிளறிப் பார்த்தேன். விழித்துக்கொண்டு, "என்ன கண்ணு, பேன் பாக்கறயா?" என்றார். "இல்ல சித்தப்பா, வீட்டுப்பாடம்," என்றேன். படிப்பு விஷயம் என்றால் சித்தப்பா குறுக்கே நிற்க மாட்டார். தலையை நன்றாகக் காட்டிக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டார்.

இரண்டாவது வாரம் நிகழ்வுக் கட்டுரை. சித்தப்பாவின் வாழ்க்கையில் நிகழ்வு என்றால் ஒன்றுதானே? ஏரியில் விழுந்ததை எழுதினேன். வேட்டி போன திசையைக்கூட விடவில்லை. மிஸ் மேசையில் உட்கார்ந்து அதைப் படித்தபோது தோள் குலுங்கியது. எழுந்து கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு, எழுதாத பலகையை வெகுநேரம் அழித்தார். ஆனால் வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"நல்லா எழுதியிருக்கறே. ஆனா ஒருத்தரு எதனால விழுந்தாருன்னு சொல்லாத கதை பாதிக் கதைதான். உங்க சித்தப்பா குடிப்பாரா கண்ணு?"

"அய்யோ, இல்லீங்க மிஸ்!"

"பின்ன ஏன் விழுந்தாரு?"

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். காரணம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சித்தப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மிஸ் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "சரி, போ," என்றார். அவர் குரலில் ஏதோ ஏமாற்றம் இருந்தது. இத்தனைக்கும் ஒன்பது மார்க் போட்டிருந்தார்.

மூன்றாவது விளக்கக் கட்டுரை. எல்லோரும் மிளகு காயவைப்பது, ஆடு மேய்ப்பது என்று எழுதப் போனார்கள். எனக்கு மட்டும், "ஊட்டு வேலை ஏதாவது ஒண்ணு எழுது. உங்க சித்தப்பா ஊட்டு வேலை செய்வாருல்ல?" என்றார். 'என் சித்தப்பா துணி துவைக்கும் முறை' என்று தலைப்பு வைத்தேன். முதலில் துணிகளை வாளியில் போட்டுச் சோப்புத்தூள் தூவி ஊற வைக்க வேண்டும். பிறகு அதை மறந்துவிட வேண்டும். மூன்று நாள் கழித்து வாளிப் பக்கம் ஒரு வாடை வரும். அப்போது அம்மா சத்தம் போடுவாள். சத்தம் நின்ற பிறகு அம்மாவே துவைத்துவிடுவாள். கடைசியாகக் காய்ந்த துணியைச் சித்தப்பா எடுத்து உடுத்திக்கொள்ள வேண்டும். 'செயல்முறை மிகத் தெளிவு' என்று எழுதி மறுபடியும் ஒன்பது போட்டார். பேனாவை அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்திருந்தது.

நான்காவது வாரம் வாதக் கட்டுரை. மிஸ் ஒவ்வொருத்தருக்கும் ஒரு தலைப்புக் கொடுத்தார். கிடாய்க்காரனுக்கு, கிடாயை விற்கலாமா வேண்டாமா. எனக்கு, 'என் சித்தப்பா திருமணம் செய்துகொள்ளலாமா?'

சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்தவள், எழுத உட்கார்ந்ததும் திகைத்துப் போனேன். அதுவரை சித்தப்பா கல்யாணம் என்றால் புதுப் பாவாடை, சாப்பாடு, ஜீப்பில் ஊர்வலம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும், அன்று சித்தப்பாவின் பைக்கில் நான் உட்காரும் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேனாவை எடுத்து, 'கூடாது. ஒருக்காலும் கூடாது' என்று முதல் வரியை எழுதினேன்.

வாதத்துக்குச் சான்று வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். சான்றுக்கா பஞ்சம்? மரம் விழுந்து பஸ் வராத அன்றைக்குச் சித்தப்பா என் புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் பள்ளிக்கூடம்வரை நடந்து வந்தார். மனைவி இருந்தால் சளி பிடிக்கும் என்று விட மாட்டாள். கரண்ட் போனால் நான் படித்து முடிக்கும்வரை செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மனைவி இருந்தால் செல்போன் அவள் கையில் இருக்கும். பரோட்டா வாங்கினால் அவருக்குப் பிடித்த முறுகலான ஓரத்தை எனக்குப் பிய்த்து வைத்துவிட்டு நடுவைத் தின்பார். மனைவி வந்தால் அந்த ஓரம் யாருக்கு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எதிர்த்தரப்பையும் சொல்லி மறுக்க வேண்டும் என்பது விதி. 'கல்யாணம் ஆனால் திருந்துவான் என்று என் அம்மா சொல்கிறார். துணி துவைப்பதைத் தவிர என் சித்தப்பாவிடம் திருந்த வேண்டியது ஒன்றும் இல்லை' என்று மறுத்தேன்.

இன்னும் ஒரு பக்கம் மீதி இருந்தது. பலமான சான்றைக் கடைசியில் வைக்க வேண்டும் என்று மிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. என்னிடம் இருந்ததிலேயே பலமானது அந்த ஏரிதான். யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் சித்தப்பா சொன்னார், எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே. எழுதிவிட்டேன். ஏழாம் வகுப்பு வக்கீல் புத்தி.

நடந்தது இதுதான். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தபோது, "இதையும் தொலைச்சீன்னா தோலை உரிச்சுப்போடுவேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். மறுநாள் படகில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒற்றைச் செருப்பு கழன்று தண்ணீரில் விழுந்தது. நான் அழுத அழுகையில் சித்தப்பா யோசிக்காமல் குதித்துவிட்டார். குதித்த பிறகுதான் தனக்கு நீச்சல் தெரியாது என்பது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. நின்றுகொண்டிருப்பது இடுப்பளவுத் தண்ணீரில்தான் என்பதைக் கவனிக்கும் நிதானம் வரவில்லை. செருப்பு கிடைக்கவில்லை. ஈர வேட்டியோடு, பார்த்தவர்களெல்லாம் சிரிக்கச் சிரிக்க, செம்மேட்டுக் கடைக்குப் போய் அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கி எனக்கு மாட்டி, வீட்டுக்குக் கூட்டி வந்தார். 'குடிகாரன் என்று ஊர் சொன்னபோதும் அவர் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு அடி விழும். மனைவி வந்துவிட்டால் என் செருப்புக்காக யார் குதிப்பார்கள்? எனவே திருமணம் கூடாது' என்று முடித்து, வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குண்டூர் நாட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். அப்பா, அம்மா, மீசைக்கு மை பூசிய சித்தப்பா, கல்யாண மாமா, நான். வழியெல்லாம் சித்தப்பா ஜீப் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் கட்டுரையைப் படித்தால் மிஸ் வந்து இதைத் தடுத்துவிடுவார், ஆனால் திங்கட்கிழமைதானே திருத்துவார் என்று எனக்குக் கவலை.

பெண்ணின் அப்பா பாயை விரித்து உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு உள்ளேயிருந்து காப்பித் தட்டோடு பெண் வந்தது. கண்ணாடி, இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை.

என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்து நின்றன. "வணக்கம் மிஸ்!" என்றேன்.

"வணக்கம், உக்காரு," என்றார் மிஸ்.

அந்தக் குரலைக் கேட்டதும் நான் உட்கார்ந்தேன். காப்பி வாங்க எழுந்த சித்தப்பாவும் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். கல்யாண மாமாவோ பாயில் நகர்ந்து வரிசையில் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டார். அம்மா என் தொடையைக் கிள்ளி, "மிஸ்ஸா? யாருடி மிஸ்?" என்றாள் கிசுகிசுப்பாக.

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளையப் பத்தி உங்க ஊருல நாலு பேருகிட்ட விசாரிச்சோமுங்க. நாலு பேரும் ஒரு வார்த்தை மாறாம ஒரே மாதிரி சொன்னாங்க. அங்கதானுங்க எங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு. வேண்டாம், விட்டுருவோம்னுதான் இருந்தோம். அப்பறம் புள்ளையே, 'நானே விசாரிச்சுக்கறேன்'னு சொல்லிருச்சு."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன அர்த்தம் சொல்ல? நான் வீட்டுப்பாடம் எழுதினேன், அவ்வளவுதான்.

மிஸ் சித்தப்பாவின் முன்னால் காப்பியை வைத்தார். "வாளியில துணி ஊற வெச்சா, எத்தன நாளைக்கு ஊறுமுங்க?"

சித்தப்பாவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. "அது வந்துங்க... ஊறுமுங்க," என்றார்.

"அந்த ஏரியில விழுந்த செருப்பு கடைசியில கெடைச்சுதுங்களா?"

எனக்கு உயிரே போய்விட்டது. சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தம்ளருக்குள் பார்த்தேன். "கெடைக்கலீங்க," என்றார் மிக மெல்ல.

"என்ன செருப்பு?" என்றாள் அம்மா. அம்மா என் காலைப் பார்த்தாள். வாசலில் கழற்றிப் போட்டிருந்த என் செருப்பைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். "அட பைத்தியக்காரா, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அண்ணி அழுவது நல்லதில்லை என்று கல்யாண மாமா பதறினார்.

மிஸ் அவருடைய அப்பாவின் பக்கம் திரும்பினார். "எனக்குச் சம்மதமுங்கய்யா," என்றார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜீப்பில் திரும்பும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் மட்டும், மிஸ் இன்னும் என் கட்டுரையைச் சரியாகப் படிக்கவில்லை, கடைசி வரியைப் படித்தால் மனசு மாறிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை நோட்டு திரும்பி வந்தது. பத்துக்கு மூன்று. என் வாழ்நாளில் தமிழில் நான் வாங்காத மார்க். கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'நிலைப்பாடு நிற்கவில்லை. சான்றுகள் எல்லாம் எதிர்த்தரப்புக்கே சாதகமாக உள்ளன.'

பஸ்ஸிலேயே அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். சித்தப்பா வாசலில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். நோட்டை அவர் முன்னால் போட்டேன். "நீங்க கட்டிக்கப் போற மிஸ்ஸுக்கு மார்க் போடவே தெரியல! எல்லாச் சான்றும் வெச்சேன். மூணுதான் போட்டிருக்குது!"

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். வரிக்கு அடியில் விரலை வைத்து, நின்றபடியே படித்தார். புத்தகப்பை வந்தது, செல்போன் வெளிச்சம் வந்தது, பரோட்டா வந்தது. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"சொல்லுங்க சித்தப்பா, இதுக்கு மூணு மார்க்குதானா?"

அவர் நோட்டை என் கையில் பத்திரமாகக் கொடுத்தார். வீட்டுக்குப் பின்னால் போனார். வியாழக்கிழமை ஊற வைத்த வாளியை இழுத்து, துவைக்கிற கல்லில் துணியைப் போட்டுத் துவைக்க ஆரம்பித்தார். அவர் வேட்டி முடிந்ததும் என் யூனிபாரத்தையும் எடுத்துத் துவைத்தார். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்த அம்மா, நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். மிஸ் அதட்டியதில் பயந்துவிட்டார் போல என்று நான் நினைத்தேன். நான் கூப்பிட்டும் அவர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை, முகத்தை ஏன் தோளில் தோளில் துடைத்துக்கொண்டார் என்று எனக்கு விளங்கவில்லை. சோப்புத்தூள் பட்டிருக்கும்.

அந்தக் கட்டுரை யார் யாருடைய மனதை என்ன செய்தது என்பது புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அன்றைக்கு எனக்கு இருந்த கவலை வேறு. படிக்கட்டில் உட்கார்ந்து அந்த மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் இரண்டு வளைவு போட்டால் எட்டாகிவிடும். சிவப்புப் பேனாதான் இல்லை.